வளர்ச்சியும் ஆயுளும்

நேயர்களுக்கு வணக்கம்.

சிறிய இன நாய்கள் பெரிய இன நாய்களைவிடப் பொதுவாக நீண்ட காலம் வாழ்வதை நாய் வளர்ப்போர் அறிவர். வளர்ச்சிக்கும் ஆயுளுக்கும் உள்ள இத்தொடர்பு தற்செயலானதன்று. உணவு இருக்கிறது, வளரலாம் என்று செல்களுக்கு அறிவிக்கும் சமிக்ஞையே, உடல் எவ்வளவு காலம் தாங்கும் என்பதிலும் பெரும் பங்கு வகிக்கிறது. இதைத் தெளிவாகக் காட்டியது, ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு புழு.

எலிகன்ஸ் எனப்படும் இந்த உருளைப்புழு சில நாள்களில் முதிர்ந்து, இரண்டு மூன்று வாரங்களில் இறந்துவிடும். ஆனால் இளம் பருவத்தில் உணவு குறைந்தாலோ நெரிசல் மிகுந்தாலோ அதன் வளர்ச்சி வேறு வழியில் திரும்புகிறது. டாவர் எனப்படும் அந்நிலையில் அதன் உடல் மெலிகிறது, மேல்தோல் தடிக்கிறது, வாய் அடைபடுகிறது. சேமித்த கொழுப்பைக் கொண்டே அது மாதக்கணக்கில் காத்திருக்கிறது. உணவு கிடைத்ததும் விட்ட இடத்திலிருந்து வளர்ந்து, முட்டையிட்டு, முதிர்ந்த புழுவுக்குரிய வழக்கமான வாழ்நாளை வாழ்ந்து முடிக்கிறது. காத்திருந்த மாதங்கள் அதன் கணக்கில் சேர்வதில்லை என்பது எத்தனை முறை எண்ணினாலும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

வளர்வதா, காத்திருப்பதா என்னும் இந்த முடிவில் டாஃப்-2 என்னும் மரபணுவுக்கு முக்கியப் பங்கு உண்டு. அது வலுவிழந்த புழுக்கள், முதிர்ச்சி அடைந்தபின் வழக்கத்தைப்போல் இருமடங்குக்கும் மேல் வாழ்ந்ததை 1993-இல் உயிரியலாளர் சிந்தியா கென்யானின் குழு அறிவித்தது. அம்மரபணு உருவாக்குவது, நம் உடலிலுள்ள இன்சுலின் ஏற்பிக்கு, அதாவது இன்சுலின் தரும் செய்தியைச் செல்லில் பெறும் புரதத்துக்கு, உறவான புரதம் என்பதை 1997-இல் மரபியலாளர் கேரி ருவ்குனின் குழு கண்டறிந்தது. செல்லின் மேற்பரப்பிலுள்ள அந்த ஏற்பி தூண்டப்படும்போது, செய்தி ஒரு புரதத்திலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறிச் சென்று, டாஃப்-16 என்னும் புரதத்தை உட்கருவுக்கு வெளியே நிறுத்துகிறது. செய்தி தளர்ந்தால், டாஃப்-16 உள்ளே நுழைந்து, செல்லைப் பாதுகாக்கும் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது.

இங்கே காலம் முக்கியம். வளரும் பருவத்தில் மட்டும் டாஃப்-2-ஐ அடக்கியபோது ஆயுள் நீளவில்லை. முதிர்ந்தபின் அடக்கியபோது நீண்டது. மீண்டும் சொல்கிறேன்: சமிக்ஞை ஒன்றே, ஆனால் இளமையில் அது வளர்ச்சியையும், முதிர்ந்தபின் ஆயுளையும் நிர்ணயிக்கிறது. பழ ஈக்களிலும் சுண்டெலிகளிலும் இத்தகைய சமிக்ஞைகள் தளர்ந்தபோது ஆயுள் கூடியிருக்கிறது.

உணவு இருப்பதை உணர்ந்து செல்லின் வளர்ச்சியைத் தூண்டும் டார் என்னும் மற்றொரு புரதத்தைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரம் ஒரு நிமிடமே மிஞ்சியுள்ளது. அப்புரதத்தை அடக்கும் ராபமைசின் மருந்தை 600 நாள் வயதான சுண்டெலிகளுக்குக் கொடுக்கத் தொடங்கியபோதும் ஆயுள் நீண்டதை 2009-இல் மூன்று ஆய்வகங்கள் ஒருசேரக் கண்டன. உறுப்பு மாற்றத்துக்குப் பின் நோய் எதிர்ப்பாற்றலை அடக்கத் தரப்படும் மருந்து அது. ஆயுளை நீட்டிக்கலாம் என்று கருதி எவரும் தாமாக அதை உட்கொள்ள வேண்டாம். நன்றி, வணக்கம்.