லீக் இல்லை, ஆனாலும் மெமரி ஏறுகிறது

வணக்கம் நண்பர்களே. இரண்டு வாரமாக என்னைத் தூங்கவிடாத ஒரு பிரச்சினையை இன்றைக்குத் திரையில் காட்டியே சொல்கிறேன். சி ப்ளஸ் ப்ளஸில் எழுதிய நெட்வொர்க் சர்வர், 16 கோர் லினக்ஸ் மெஷின், 200 த்ரெட் (புரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலைகள்). ரீஸ்டார்ட் செய்ததும் மெமரி 400 எம்பி. மறுநாள் காலையில் 5 ஜிபி. கனெக்‌ஷன் எல்லாம் மூடிய பிறகும் இறங்காது.

முதலில் மெமரிக் கோளாறுகளைத் தேடும் வால்கிரைண்ட் கருவியில் ஓட்டினேன். லீக், அதாவது வாங்கிவிட்டுத் திருப்ப மறந்த மெமரி, எதுவும் இல்லை என்றது. நம்பாமல் இரண்டு நாள் சர்வரின் சோர்ஸ் கோடைத் துருவினேன். பிறகுதான் உறைத்தது: வால்கிரைண்ட், ஜிலிப்சியின் (லினக்ஸின் சி லைப்ரரி) மால்லாக்கை, அதாவது புரோகிராமுக்கு மெமரி கொடுக்கும் பகுதியை, ஒதுக்கிவிட்டுத் தன்னுடையதை வைத்து ஓட்டும். த்ரெட்களையும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் ஓடவிடும். கோளாறு மால்லாக்கின் போக்கில் இருந்தால் அங்கே தலைகாட்டவே காட்டாது.

சரி, சர்வரின் மெமரிப் பகுதிகளைப் பட்டியலிடும் பிமேப் கமாண்ட் போட்டதைப் பாருங்கள். எழுதக்கூடிய பகுதி ஒரு வரி, அதை ஒட்டி எந்த அனுமதியும் இல்லாத பகுதி இன்னொரு வரி. இரண்டையும் கூட்டினால் சரியாக 65536 கேபி, அதாவது 64 எம்பி. கீழே இறங்க இறங்க இதே ஜோடிதான். இதெல்லாம் அரீனா, அதாவது மால்லாக் மெமரியை எடுத்துக் கொடுக்கும் தனித்தனிக் கிடங்குகள்.

ஒரே கிடங்கின் லாக்குக்காக (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) த்ரெட்கள் காத்துக்கிடக்கக் கூடாது என்று ஜிலிப்சி தனித்தனி அரீனா கொடுக்கும். 64 பிட்டில் உச்சவரம்பு கோர் எண்ணிக்கையைப் போல 8 மடங்கு. என் மெஷினுக்கு 128!

ஒரு அரீனாவுக்குள் நடப்பதுதான் முக்கியம். ஒரு ரிக்வெஸ்ட் வருகிறது, 16 கேபி பஃபர்கள் வரிசையாக அடுக்கப்படுகின்றன. அவற்றுக்கு மேலே 200 பைட்டில் ஒரு செஷன் ஆப்ஜெக்ட் உட்காருகிறது. பஃபர்களை ஃப்ரீ செய்துவிட்டோம், செஷன் மட்டும் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கிறது. மேல் முனை காலியானால்தான் மால்லாக் இடத்தைத் தானாகக் கெர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) திருப்பும். ஆகவே அந்த 200 பைட் கீழே உள்ள அத்தனையையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. இன்னொரு அரீனாவில் இருக்கும் த்ரெட்டுக்கும் அந்தக் காலி இடம் உதவாது. இது 128 இடங்களில் நடந்தால் 5 ஜிபி வருவதில் வியப்பில்லை.

உறுதிசெய்ய ஒரு வழி: மால்லாக்_ட்ரிம் ஃபங்ஷனை 0 கொடுத்துக் கூப்பிடுங்கள். ஜிலிப்சி 2.8 முதல் அது எல்லா அரீனாக்களிலும் நடுவில் காலியாக இருக்கும் முழுப் பக்கங்களைக்கூடத் திருப்பிவிடும். எனக்கு 5 ஜிபி அந்த நொடியே 900 எம்பிக்கு வந்தது. லீக்காக இருந்தால் இப்படி இறங்காது. ஓடுகிற சர்வரில் ஜிடிபி என்ற டீபக்கரை ஒட்டி மட்டும் கூப்பிடாதீர்கள். ஜிடிபி எந்த த்ரெட்டில் கூப்பிடுகிறதோ அதுவே மால்லாக் லாக்கைப் பிடித்திருந்தால் அப்படியே உறைந்துவிடும். சிக்னல் வந்தால் ஒரு ஃப்ளாக், மெயின் லூப்பில் ட்ரிம். அதுதான் பத்திரம்.

தீர்வு ஒரே வரி: அரீனாக்களின் உச்சவரம்பைச் சொல்லும் மால்லாக்_அரீனா_மேக்ஸ் என்ற என்விரான்மென்ட் வேரியபிளை 2 ஆக்கினேன். லாக் நெரிசல் கூடுமோ என்று பயந்தேன். ஆனால் ஜிலிப்சி 2.26 முதல் சின்ன அளவுகளுக்கு ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி கேஷ் இருப்பதால் என் சர்வரில் வேகம் குறையவில்லை. உங்கள் சர்வரில் அளந்து பார்த்தே முடிவெடுங்கள்.

பிமேப்பில் 65536-க்குப் பதிலாக 8192 கேபி வரிகள் பெருகினால் அது வேறு கதை: முடிந்த த்ரெட்டை ஜாயினோ (முடிவுக்குக் காத்திருப்பது) டிடாச்சோ (தனியே விட்டுவிடுவது) செய்யாததால் அதன் ஸ்டாக், அதாவது அந்த த்ரெட்டின் சொந்த மெமரி, அப்படியே நிற்கிறது.

இதோ 9 நாள் கிராஃப். 700 எம்பிக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. இதே லோடை மால்லாக்குக்கு மாற்றான ஜெமால்லாக்கில் இன்று இரவு ஓடவிடுகிறேன். அந்த கிராஃபை அடுத்த வீடியோவில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.