சீட்டும் ஒரு தையல் மெஷினும்

(மகளிர் குழுக்களின் கூட்டமொன்றில் பேசியது)

அம்மாக்களுக்கும் அக்கா தங்கச்சிகளுக்கும் வணக்கம். "பரஸ்பர நலன்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய வார்த்தை. நான் ஏலச்சீட்டைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறேன். உங்களில் பாதிப் பேர் இந்த மாதச் சீட்டுப் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் வந்திருப்பீர்கள்.

என் அம்மா எங்கள் தெருவில் சீட்டு பிடித்தார். 20 பேர், ஆளுக்கு மாதம் 1,000 ரூபாய். முதல் மாதம் சேரும் 20,000 சீட்டை நடத்துகிறவருக்கு. அதுதான் அவர் கூலி. இரண்டாம் மாதத்திலிருந்து ஏலம். அவசரக்காரர் ஒருவர் 4,000 தள்ளிக் கேட்கிறார், அதாவது அவ்வளவு குறைத்து எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கிறார் என்று வையுங்கள். அவர் கைக்கு 16,000 வரும். தள்ளிய 4,000-ஐப் பிரித்தால் ஆளுக்கு 200 கழிவு; அதைத்தான் கசர் என்பார்கள். அந்த மாதம் எல்லாரும் 800 கட்டினால் போதும்.

20 பேருக்கும் ஒரே மாதத்தில் பணம் தேவைப்பட்டால் தள்ளு ஏறிக்கொண்டே போகும், எடுக்கிறவர் நொந்துபோவார். யாருக்குமே தேவையில்லை என்றால் குலுக்கிப் போடவேண்டியதுதான், கசர் கிடையாது. மகளின் காலேஜ் ஃபீஸுக்கு ஓடுகிறவரும், கடைசி மாதம் முழுசாக எடுத்து நகை வாங்கலாம் என்று காத்திருக்கிறவரும் ஒரே பாயில் உட்கார்ந்தால்தான் சீட்டு ருசிக்கும். எல்லாரும் ஒன்றையே நினைப்பதுதான் ஒற்றுமை என்று மேடைகளில் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

சரி, பணத்தை எடுத்தவர் மீதி மாதங்கள் ஏன் கட்டவேண்டும்? பதிவு செய்த சீட்டுக்கு 1982-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. எடுத்தவரிடம் ஜாமீன் கேட்பார்கள். நடத்துகிறவரும் முன்பணம் கட்டிவைக்க வேண்டும்; அவர் கமிஷனுக்கும் வரம்பு உண்டு, 5 சதவீதமாக இருந்ததை 2019-இல் 7 ஆக்கினார்கள். அம்மாவிடம் இருந்தது ஒரு நாற்பது பக்க நோட்டு. (பதிவில்லாத சீட்டுக்கு நான் சிபாரிசு செய்யவில்லை. ஏமாந்த கதைகள் என்னைவிட உங்களுக்கு அதிகம் தெரியும்.)

மூன்றாம் மாதம் சீட்டெடுத்த ஒரு அக்கா மோட்டார் வைத்த தையல் மெஷின் வாங்கினார். ஏழாம் மாதம் கட்டவில்லை. எட்டாம் மாதமும் இல்லை. அம்மா கைக்காசைப் போட்டு ஏலத்தை நடத்தினார். தெருவில் முணுமுணுப்பு. "மெஷினைத் தூக்கிட்டு வந்துடலாம்" என்றார் ஒரு மாமி.

"தூக்கிட்டு வந்து? நீங்க தைப்பீங்களா?" என்றார் அம்மா.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் அது. சீட்டில் இருந்த வீடுகளிலிருந்தெல்லாம் யூனிஃபார்ம் துணி அந்த அக்கா வீட்டுக்குப் போனது. இரக்கம் என்று சொல்லமாட்டேன். இன்னும் சீட்டெடுக்காத 12 பேருக்குத் தங்கள் பணம் வர அவர் சம்பாதித்தே ஆகவேண்டியிருந்தது. தையல் கூலியில் பாதி அவர் கைக்கு, பாதி அம்மாவின் நோட்டில் வரவு. பதினொன்றாம் மாதம் பாக்கி தீர்ந்தது.

என் பாவாடை மட்டும் ஒரு அங்குலம் குட்டை. அழுதுகொண்டே காட்டினேன். "சீட்டு முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார் அம்மா.