வாலஸுக்கு முன்னால் எழுதப்பட்ட பெயர்

வணக்கம் நண்பர்களே. இங்கிலாந்துக்கு எதிரான ஸ்காட்லாந்து விடுதலைப் போர் என்றாலே எல்லாரும் அதன் நாயகன் வில்லியம் வாலஸிடம் ஓடிவிடுகிறார்கள். சரித்திர நாவல் எழுதுகிறவர்களும்தான். எனக்கு அவரோடு சேர்ந்து போரிட்ட ஆண்ட்ரூ மரேயை வைத்து ஒரு நாவல் வேண்டும். 1297 அக்டோபர் 11 அன்று ஜெர்மனியின் லூபெக் நகர வணிகர்களுக்கு, 'எங்கள் துறைமுகங்களுக்குத் தைரியமாக வாருங்கள்' என்று ஸ்காட்லாந்திலிருந்து ஒரு கடிதம் போனது. அதில் முதல் பெயர் மரே, அடுத்ததுதான் வாலஸ்.

மரே வடக்கே பெரிய பிரபு குடும்பத்துப் பிள்ளை. 1296-ல் டன்பாரில் இங்கிலாந்து மன்னர் எட்வர்டின் படை ஜெயித்தபோது அப்பாவும் மகனும் சிக்கினார்கள். அப்பாவை லண்டன் டவரில் போட்டார்கள், மகனைச் செஸ்டர் கோட்டையில். மகன் தப்பி ஊர் வந்து, 1297 மே மாதம் அவாக் என்ற ஊரில் எட்வர்டுக்கு எதிராகக் கொடியேற்றிவிட்டார்.

அப்புறம் நெஸ் ஏரிக்கரையில் இருக்கும் அர்க்கார்ட் கோட்டையை முற்றுகையிட்டார். நாவலின் நடு அத்தியாயம் இங்கேதான் இருக்கிறது. உள்ளே இருந்த இங்கிலாந்துக்காரர்களுக்கு உதவியது யார் தெரியுமா? ராஸ் சீமாட்டி யூஃபீமியா! ஸ்காட்லாந்துப் பெண்மணிதான். சாதாரண எழுத்தாளர் கையில் கிடைத்தால் அவரை வில்லி ஆக்கிவிடுவார். ஆனால் அவர் கணவரும் அதே லண்டன் டவரில்தான் கைதி. கணவர் உயிரோடு வரவேண்டுமென்றால் எட்வர்டைக் குளிரவைக்க வேண்டும். மரேயின் அப்பாவும் அங்கேயேதான் அடைபட்டிருக்கிறார்; இவரோ வாளை எடுத்துவிட்டார். ஒரே சிறை, இரண்டு குடும்பம், இரண்டு கணக்கு. சண்டைக் காட்சியை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இந்த இரண்டு பேரையும் நேருக்கு நேர் நிறுத்தி ஒரு பத்து பக்கம் எழுதுங்கள் சார்!

மரே ராத்திரியில் கோட்டை மேல் பாய்ந்தும் பிடிக்க முடியவில்லை. சரி, அடுத்தது ஸ்டெர்லிங் பாலத்தில் ஸ்காட்லாந்துப் படை ஜெயித்த சண்டை. 1297 செப்டம்பர் 11, குறுகலான மரப்பாலம், இங்கிலாந்தின் பாதிப் படை கடந்ததும் அடி. அதில் வாலஸுக்குச் சமமாக நின்றவர் மரே. அங்கே பட்ட காயத்தில்தான் இறந்தார் என்பார்கள். அப்பாவும் டவரிலேயே போய்ச் சேர்ந்தார்.

யூஃபீமியாவின் கணவர் ராஸ் பிரபு மட்டும் 1303-ல் வெளியே வந்தார். அந்த மனிதர்தான் 1306-ல், டெயின் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த, ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸின் மனைவியையும் மகளையும் பிடித்து இங்கிலாந்திடம் ஒப்படைத்தார். அது இரண்டாம் பாகம்.