ஒரே ஆட்டத்தில் போன நாடு

நேயர்களுக்கு வணக்கம். நளன் கதை என்றால் அன்னம் தூது போனதும், நளன் காட்டில் தமயந்தியை விட்டுப் பிரிந்ததும் நமக்கெல்லாம் மனப்பாடம். நளனின் நாட்டைச் சூதில் ஜெயித்த அவன் தம்பி புட்கரனைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. அவன் எப்படித் தோற்றான் என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். நளவெண்பா வழியாக நமக்குப் பழகிய கதைதான். நான் சொல்வது பாரதத்தில் வனபருவத்தில் உள்ளபடி.

முதல் ஆட்டத்தில் புட்கரனின் கணக்கு பிசகவே இல்லை. நளனைக் கெடுக்க வந்த கலிபுருஷன் நளனுக்குள் புகுந்துவிட்டான், கலியின் கூட்டாளி துவாபரன் சூதாட்டக் காய்க்குள் இருந்தான். அவ்வளவு துணை இருந்தும் புட்கரன் அவசரப்படவில்லை. தமயந்தி பக்கத்தில் இருக்கும்போது "வா, ஆடலாம்" என்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். மனைவி முன்னால் மறுக்க நளனுக்கு மனம் வரவில்லை. பொன், வெள்ளி, தேர், ஆடை என்று ஆட்டம் பல மாதம் நீண்டது. குடிமக்களும் அமைச்சர்களும் வாசலில் வந்து நின்றார்கள். நளன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விட்டதைப் பிடிக்கும் வெறி. கெந்திங் மலைச் சூதாட்ட விடுதியில் அந்த வெறியைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாட்டை எடுத்துக்கொண்ட புட்கரன், நளனுக்கு ஆதரவு தருபவனுக்கு மரண தண்டனை என்று அறிவித்தான். மூன்று இரவு ஊர் எல்லையில் தண்ணீரை மட்டும் குடித்துக் கிடந்தான் நளன்.

ஒன்றைக் கவனியுங்கள். ஜெயித்தது புட்கரனின் திறமை அல்ல. இதை மறுபடியும் சொல்வேன்.

இப்போது அந்தப் பழைய ஆட்டத்துக்கு வருவோம். சமையலறையில் இருப்பவர்கள் ஒரு கைப்பிடி புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் அது தான்றிக்கொட்டை. வேதகாலத்து ஆட்டத்தை அறிஞர்கள் இப்படி விளக்குகிறார்கள்: குவியலிலிருந்து ஒரு பிடி அள்ள வேண்டும், நான்கு நான்காகக் கழிக்க வேண்டும். மீதி இல்லாமல் வந்தால் கிருதம், அதுதான் உச்சம். மூன்று மிஞ்சினால் திரேதம், இரண்டு துவாபரம், ஒன்று மிஞ்சினால் கலி, படுதோல்வி. செய்து பாருங்கள். 23 கொட்டை வந்தால் மூன்று மிஞ்சும். 24 என்றால் கிருதம். ஒரே ஒரு கொட்டை கூடி 25 ஆனால் கலி! ஆகவே பார்த்த மாத்திரத்தில் எண்ணத் தெரிந்தவனே ராஜா.

அந்தக் கண் அயோத்தி மன்னன் இருதுபன்னனுக்கு இருந்தது. தேரில் போகும்போது ஒரு தான்றி மரத்தைக் காட்டி, கீழே கிடக்கும் இலையும் காயும் மரத்தில் உள்ளதைவிட 101 அதிகம், இரண்டு கிளைகளில் 2095 காய் என்கிறான். அவனிடம் தேரோட்டியாக இருந்த நளன் இறங்கிக் காயை எண்ணிப் பார்க்கிறான், சரியாக இருக்கிறது. அங்கேயே குதிரை வித்தையைத் தருவதாகச் சொல்லி, 'அட்ச இருதயம்' என்ற அந்த எண் வித்தையைப் பெற்றுக்கொள்கிறான். கற்ற உடனே கலி அவன் உடலை விட்டு வெளியேறுகிறான்.

அப்புறம் நளன் நாடு திரும்புகிறான். ஒரு வெள்ளைத் தேர், 16 யானை, 50 குதிரை, 600 காலாள். "சூதாடு, இல்லையென்றால் தேரேறிச் சண்டைக்கு வா" என்கிறான். புட்கரன் சிரிக்கிறான். பணயம் வைக்கச் செல்வம் கொண்டுவந்தாய், நல்லதாகப் போயிற்று, இனி தமயந்தி எனக்குத்தான், உனக்காகவே காத்திருந்தேன் என்கிறான். நளன் இத்தனை நாள் எங்கே இருந்தான், என்ன கற்றான், இவ்வளவு தைரியமாக ஏன் வருகிறான் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. தன் பக்கம் கலி இன்னும் இருக்கிறானா என்றும் பார்க்கவில்லை. மறுபடியும் சொல்கிறேன், முதலில் ஜெயித்தது அவன் திறமை அல்ல. ஒரு தடவை நாலு நம்பர் லாட்டரி அடித்துவிட்டால், தன் கனவுக்கே கணக்குத் தெரியும் என்று நம்புகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள்.

அதைவிடப் பெரிய பிழை, பல மாதம் சிறுகச் சிறுக ஆடி ஜெயித்தவன், இப்போது நாடு, செல்வம், உயிர் எல்லாவற்றையும் ஒரே ஆட்டத்தில் வைத்தது. பாதியில் தெளிந்து எழுந்துபோகக்கூட வழியில்லை. ஒரே ஆட்டம், நளன் ஜெயித்தான்.

நேரம் நெருங்கிவிட்டது, நளன் தம்பியை மன்னித்துப் பங்கு கொடுத்து அனுப்பியதை விரித்துச் சொல்ல முடியவில்லை. ஒன்று மட்டும். இந்தக் கதையைக் காட்டில் தருமருக்குச் சொன்ன பிரகதசுவ முனிவர், போகும் முன் அதே அட்ச இருதயத்தை அவருக்கும் கற்றுக்கொடுத்தார். பிறகு விராடன் சபையில் தருமர் கங்கன் என்ற பெயரில் காய் உருட்ட உட்கார்ந்தது அந்த வித்தையோடுதான். வணக்கம்.