யாரும் நடக்காத பாதைக்குப் பூட்டு போடலாமா?

[திரையில்: காபித் தோட்டத்துக்கு நடுவே புல் மூடிய வண்டிப்பாதை. குறுக்கே புது இரும்பு கேட்.]

பழனி மலையில், கீழ்மலைப் பக்கம் ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தார்ச்சாலை வந்ததும் பழைய வண்டிப்பாதையில் ஆள் நடமாட்டம் குறைந்துவிட்டது. மிளகு மூட்டையோடு எப்போதாவது ஒரு குதிரை போகும். தோட்டத்தை வாங்கியவர் ரிசார்ட் கட்டுகிறார், கேட்டைப் பூட்டுகிறார். கேட்டால், "இருபது வருஷமா யாரும் போகலை, உரிமை போச்சு" என்கிறார்.

அவ்வளவு சுலபமாகப் போய்விடாது. அவர் சொல்லும் இருபது வருடக் கணக்கு 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 47-ஆவது பிரிவில் இருக்கிறது. ஆனால் அது பக்கத்து நிலத்துக்காரர் தன் நிலத்துக்காகப் பெற்ற வழியுரிமைக்குத்தான். பொதுப் பாதை வேறு. ஒருமுறை பொதுப் பாதையானால் என்றைக்கும் பொதுப் பாதைதான் என்பது நீதிமன்றங்கள் ஏற்ற கோட்பாடு. புல் முளைத்ததெல்லாம் காரணம் ஆகாது.

[திரையில்: புலப்படத்தின் ஒரு மூலை, பெரிதாக.]

சரி, அது பொதுப் பாதைதானா? வழக்கே இங்கேதான். கிராமத்தின் நிலங்களைச் சர்வே எண் வாரியாகச் சொல்லும் அ-பதிவேட்டில் அதற்குத் தனி சர்வே எண் இருந்து, 'வண்டிப்பாதை, புறம்போக்கு' என்று எழுதியிருந்தால் ஊருக்குப் பாதி வெற்றி. தோட்டத்துப் பட்டாவுக்குள்ளேயே பாதை ஓடினால் சிக்கல். மலையில் எஸ்டேட்காரர்கள் தங்கள் வசதிக்குப் போட்ட பாதைகள் ஏராளம், அவை எல்லாமே பொதுவழி ஆகிவிடாது.

ஊராட்சித் தலைவர் நினைத்தால் பாதையை ரிசார்ட்காரருக்கு எழுதிக் கொடுத்துவிடலாமா? முடியாது. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி கிராமச் சாலை ஊராட்சியின் பொறுப்பில் இருக்கிறது, அவ்வளவுதான். அது விற்கிற சொத்து இல்லை.

கேட்டை எடுக்கச் சொல்லி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152. ஆனால் எதிர்த்தரப்பு "இது பொதுவழியே இல்லை" என்று சொல்லி, நம்பத்தகுந்த ஆதாரமும் காட்டிவிட்டால், கோட்டாட்சியர் விசாரணையை நிறுத்திவைக்க வேண்டும். உரிமையியல் நீதிமன்றம்தான் முடிவு சொல்லும். அப்புறம் வாய்தாவுக்கு மேல் வாய்தா.

[திரையில்: பேரிஜம் வனத்துறைச் சோதனைச்சாவடி.]

காட்டுப் பாதைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கொடைக்கானலில் இருந்து பேரிஜம் வழியாக மூணாறு பக்கம் போன 'எஸ்கேப் ரோடு' பல ஆண்டுகளாக மூடிக்கிடக்கிறது. அங்கே பேசுவது வனச்சட்டம். யானைக்கும் காட்டெருமைக்கும் வழிவிட மூடுவதை நான் ஒப்புக்கொள்வேன். ரிசார்ட் விருந்தாளியின் அமைதிக்காக என்றால் மாட்டேன்.

[திரையில்: கிரயப் பத்திரத்தின் கடைசிப் பக்கம்.]

ஊர்க்காரர்கள் பெரும்பாலும் பார்க்க மறப்பது கேட் போட்டவரின் சொந்தப் பத்திரத்தை. சொத்து விவரத்தில் நான்கெல்லை சொல்லும்போது, 'வண்டிப்பாதைக்குத் தெற்கு' என்று அவருக்கு விற்றவரே எழுதியிருக்கலாம். பாதை தன் நிலத்துக்குள் இருக்கிறது என்று அப்புறம் வாதாடுவது கஷ்டம். சர்வே எண்ணை வைத்து வில்லங்கச் சான்று எடுத்தால் பத்திர எண் கிடைக்கும். பதிவான கிரயப் பத்திரத்தின் நகலை, கட்டணம் கட்டி, சார்பதிவாளர் அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.