பூஞ்சை மருந்து வீட்டுக்கு வந்த பின்

உதகை வானொலி நேயர்களுக்கு என் வணக்கம். குன்னூர்ப் பகுதியில் மருந்தாளுநராகப் பணிபுரிகிறேன். படர்தாமரைக்கும் சேற்றுப்புண்ணுக்கும் தடவுகிற களிம்பைப் பற்றி நான் இன்று பேசப் போவதில்லை. நுரையீரல், மூளையுறை, இரத்தம், சைனஸ் அறைகள் என உடலின் உள்ளே பூஞ்சை இறங்கிவிட்டவர்கள், கோவையிலோ வேறு ஊரிலோ பெரிய மருத்துவமனையில் சிகிச்சை தொடங்கிவிட்டு, மீதிக் காலத்துக்கு மாத்திரைகளோடு மலையேறி வருகிறார்களே, அவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்குமான உரை இது.

2021இல் கருப்புப் பூஞ்சை பரவியபோது இம்மருந்துகளின் பெயர்கள் வீட்டுக்கு வீடு அடிபட்டன. ஒரு பூஞ்சையைக் கொல்லும் மருந்து இன்னொன்றை ஒன்றும் செய்யாது என்ற செய்தி மட்டும் அந்த அளவுக்குப் போய்ச் சேரவில்லை. ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் தொற்றுக்கு முதன்மையாகத் தரப்படும் வோரிகோனசோல், கருப்புப் பூஞ்சையிடம் பலிக்காது. ஆகவே சதைத்துணுக்கு, சளி, இரத்தம் ஆகியவற்றின் பரிசோதனை முடிவு வருமுன் தொடங்கிய மருந்தை, முடிவு வந்த பின் மருத்துவர் மாற்றினால், அது தடுமாற்றம் அல்ல, முறையான சிகிச்சை.

மருத்துவமனையில் சிரைவழியே ஏற்றும் ஆம்போடெரிசின்-பி என்ற பூஞ்சை மருந்தைப் பற்றி ஒரு சொல் போதும். அதில் பழைய வகை ஒன்று, கொழுப்புத் துகளில் பொதிந்த லிப்போசோமல் வகை ஒன்று என உண்டு. இரண்டின் அளவும் ஒன்றல்ல. ஒன்றுக்குரிய அளவில் மற்றொன்றை ஏற்றிவிட்டால் உயிருக்கே ஆபத்தாகும். குப்பியை வெளிக்கடையில் வாங்கி வரச் சொன்னால், சீட்டிலுள்ள பெயரை முழுவதுமாகப் படித்துக் காட்டி வாங்குங்கள். சிறுநீரகத்தையும் பொட்டாசிய அளவையும் அம்மருந்து பாதிக்கக்கூடும் என்பதால்தான் அங்கே அடிக்கடி இரத்தம் எடுக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த பின்தான் கவனம் நம் கைக்கு மாறுகிறது. வோரிகோனசோல் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ விழுங்க வேண்டும். இன்னொரு பூஞ்சை மருந்தான இட்ராகோனசோல் கேப்சூலையோ வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே விழுங்க வேண்டும். அந்தக் கேப்சூல் கரைவதற்கு வயிற்றில் அமிலம் தேவை. நம்மில் பலர் காலையில் கண் விழித்ததும் கட்டன் சாயாவுக்கு முன்னால் ஒரு ‘கேஸ் மாத்திரை’ போட்டுக்கொள்கிறோம். அது அமிலத்தை அடக்கிவிடுவதால், விலை கொடுத்து வாங்கிய கேப்சூலில் பெரும்பகுதி இரத்தத்தில் சேராமலே போய்விடுகிறது. இதய பலவீனம் உள்ளவர்கள் இட்ராகோனசோல் தொடங்குமுன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கால் வீக்கமோ மூச்சிரைப்போ தோன்றினால் தாமதிக்கக் கூடாது.

மற்ற மருந்துகளோடு இவை மோதுவதுதான் என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா, டிஸ்சார்ஜ் சீட்டோடு எங்கள் மருந்தகத்துக்கு வந்தார். வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார். பையைப் பார்க்கலாமா என்றதும், ரேஷன் அட்டையோடு ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்த கிளிமிபிரைடு பட்டை வெளியே வந்தது. “இது வீட்டுக்கே வந்து கொடுக்கிற சர்க்கரை மாத்திரை தம்பி, இதுவுமா மருந்துக் கணக்கில வரும்?” என்று கேட்டார். வரும். ஃபுளூகோனசோல், வோரிகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துகள், கல்லீரல் இத்தகைய மாத்திரைகளைச் சிதைத்து வெளியேற்றும் வேலையைத் தடுத்துவிடுகின்றன. வழக்கமாகச் சாப்பிடும் அதே அளவு, இரத்தத்தில் கூடுதலாகத் தங்கிச் சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இல் வந்த பிறகு வீட்டு வாசலிலேயே கிடைக்கும் மாத்திரைகளை மருந்தென்றே நினைக்காத மனநிலை பலரிடம் இருப்பதைப் பார்க்கிறேன். திட்டத்தின் மீது குறை சொல்லவில்லை. அந்தப் பட்டைகளையும் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள் என்கிறேன்.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபாரின், கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின், சிறுநீரக மாற்று அறுவை செய்தவர்கள் உண்ணும் டாக்ரோலிமஸ் ஆகியவையும் இவ்வாறே இரத்தத்தில் ஏறும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபைன் ஆகியவையும் இதற்கு நேர்மாறாகப் பூஞ்சை மருந்தையே வேகமாக அழித்துவிடும். நோயாளி ஒரு வேளையும் தவறாமல் விழுங்கிக்கொண்டிருப்பார், நோயோ உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். காசநோய் வந்து ஆறிய நுரையீரலில் பூஞ்சை குடிகொள்வது உண்டு என்பதால், காசநோய் மருந்தும் பூஞ்சை மருந்தும் ஒருவரிடமே சந்திக்க வாய்ப்பு இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. பூஞ்சை மருந்தை நிறுத்தும்போது, அதற்காகக் குறைத்து வைத்திருந்த மற்ற மருந்துகளின் அளவைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். தொடங்கியதைச் சொல்பவர்கள்கூட நிறுத்தியதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

வோரிகோனசோல் உண்பவர்களின் தோல் வெயிலில் எளிதில் கருகும்; நீண்ட காலம் உண்போருக்குத் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது. இங்கே குளிராக இருப்பதால் வெயில் உறைப்பதில்லை. ஆனால் ஆயிரம் மீட்டர் உயரம் கூடும்போது புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. உதகையோ இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறது. கேரட் தோட்டத்திலும் தேயிலைக் காட்டிலும் நிற்பவர்கள் முழுக்கைச் சட்டை, அகன்ற தொப்பி இல்லாமல் இறங்க வேண்டாம்; முடிந்தால் அந்தச் சில மாதங்களுக்கு நிழலில் செய்யும் வேலைக்கு மாறிக்கொள்ளுங்கள். இதே மருந்து சிலருக்குப் பார்வையை மங்கச் செய்யும், நிறங்களை மாற்றிக் காட்டும், வெளிச்சம் கண்ணைக் கூசும். பெரும்பாலும் அது தானே சரியாகிவிடும். ஆனாலும் இம்மருந்து உண்ணும் நாள்களில் இரவில் வண்டி ஓட்டக் கூடாது; மூடுபனியில் கல்லட்டி வளைவுகளில் ஜீப்பும் பிக்கப்பும் ஓட்டுகிற தம்பிமார் இதைத் தங்கள் முதலாளியிடம் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும்.

கண் மஞ்சளாவது, சிறுநீர் கருத்துப் போவது, விடாத வாந்தி, உடம்பெங்கும் அரிப்பு ஆகியவை கல்லீரல் தரும் எச்சரிக்கைகள். மருத்துவர் குறித்த நாளில் கல்லீரல் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிடுங்கள். வோரிகோனசோல் ஒரே அளவில் கொடுத்தாலும் ஆளுக்கு ஆள் இரத்தத்தில் வெவ்வேறு அளவில் சேரும் என்பதால், மருந்தின் அளவையே அளந்து பார்க்கும் பரிசோதனையும் உண்டு. கர்ப்பம் தரித்தவர்களும் தரிக்கக்கூடியவர்களும் மருந்து தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

காய்ச்சல் விட்டதும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். நுரையீரல் ஆஸ்பெர்ஜில்லஸ் தொற்றுக்குக் குறைந்தது ஆறு முதல் பன்னிரண்டு வாரமாவது சிகிச்சை வேண்டும். மிச்சமான பட்டையை அரிப்பு என்று சொல்லும் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

இம்மாத்திரைகள் மலையில் எல்லாக் கடைகளிலும் இருப்பில் இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றுவிட்டால் கோவையிலிருந்து வர வேண்டிய மருந்தும் நின்றுவிடும். கையில் பத்து நாளுக்கான மாத்திரை மிச்சமிருக்கும்போதே அடுத்த மாதத்துக்குச் சொல்லி வையுங்கள். தீர்ந்துபோகும் நிலை வந்தால், இரண்டு வேளையை ஒரு வேளையாக்கி நீட்டிக்காமல், சிகிச்சை தரும் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து என்ன செய்வதென்று கேட்டுக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.