ஏரியின் கலிங்கை எப்போது அடைப்பது?

அவையோருக்கு வணக்கம்.

இயற்கையிடம் வாழ்க்கைப் பாடம் என்றாலே மலையிடம் உறுதி, நதியிடம் ஓட்டம், மரத்திடம் பொறுமை என்று ஒரு பட்டியல் தயாராக இருக்கிறது. காலண்டர் தாளில் அச்சடிக்க நன்றாகத்தான் இருக்கும். காலையில் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புகிறவருக்கு அது எந்த வகையிலும் உதவாது. மலைக்கு வேறு வழியில்லை, நின்றுதான் ஆக வேண்டும். வானத்தின் குணம் மாறும்போதெல்லாம் மனிதர் என்ன வேலை செய்தார்கள் என்று பாருங்கள். நமக்குப் பயன்படுவது அங்கேதான் கிடைக்கும். அதற்கு ஏரிக்கரையைவிட நல்ல இடம் இல்லை.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உண்டு. நமக்குக் கிடைக்கும் ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதங்களில் விழுகிறது. அதிலும் பெரும்பகுதி சில நாள் அடைமழை. இந்த வானத்தைத் திருத்த முடியாது என்று ஒப்புக்கொண்டவர்கள் கட்டியதுதான் ஏரி.

புரட்டாசியில் ஒரு நல்ல மழை, 4 சென்டிமீட்டர் என்று வையுங்கள். ஊரே போய் எட்டிப் பார்க்கும். ஏரியில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் வந்திருக்காது. வெயிலில் வெடித்துக் கிடந்த நிலம் அவ்வளவையும் குடித்துவிடும். மண் நிறைந்த பிறகுதான் வரத்துக் கால்வாயில் தண்ணீர் ஓடும். புதிதாக ஒரு மொழி படிக்கிறவர், நடைப்பயிற்சி தொடங்கியவர், ‘ஒரு பலனும் இல்லையே’ என்று மூன்றாவது வாரம் விட்டுவிடுகிறார். பெய்தது வீணாகவில்லை, மண்ணுக்குள் போயிருக்கிறது. இன்னும் இரண்டு மழைக்கு அவர் பொறுத்திருக்கலாம்.

அதே 4 சென்டிமீட்டர் கார்த்திகையில் பெய்தால் கதை வேறு. நிலம் ஏற்கெனவே ஊறி நிறைந்திருப்பதால் விழுவதில் பெரும்பங்கு அப்படியே ஏரிக்கு ஓடிவரும். புரட்டாசியில் காணாமல் போன மழை கார்த்திகையில் கரையை மிரட்டும். தோசை கருகியதற்கு ஒருவர் வெடித்துக் கத்தினால் தோசையைப் பற்றி வாதாடிப் பயனில்லை. முந்தின பத்து நாளில் அவர்மேல் என்னென்ன பெய்தது என்று கேளுங்கள்.

இனி கலிங்குக்கு வருவோம். ஏரிக்குக் கரை முக்கியம், மடை முக்கியம். ஆனால் அறிவு இருப்பது கலிங்கில்தான். கரையின் உச்சியைவிடத் தாழ்வாகக் கட்டி, மிஞ்சிய நீர் போக்குக் கால்வாயில் வழிய வைத்திருக்கும் இடம் அது. பழைய கலிங்குகளில் வரிசையாகக் குத்துக்கற்கள் நிற்கும். பருவம் தொடங்கும்போது கற்களுக்கு இடையே இருக்கும் சந்துகள் திறந்தே கிடக்க வேண்டும். மழை முடியப் போகிறது என்று தெரிந்த பிறகு பலகையும் களிமண்ணும் வைத்து அடைத்து, கடைசித் தண்ணீரைக் கூடுதலாகப் பிடித்துக்கொள்வார்கள்.

தவறு நடப்பது இந்த அடைப்பில்தான். இனி மழை வராதோ என்ற பயத்தில் ஐப்பசியிலேயே அடைத்துவிடுவார்கள். அப்புறம் ஒரு புயல் மழை வந்தால் வழிய இடமில்லாமல் தண்ணீர் கரைமேல் ஏறும். மண்கரையின்மேல் நீர் ஏறி வழிந்தால், வெளிச்சரிவு அரித்துச் சில மணி நேரத்தில் உடைப்பு எடுத்துவிடும். மதகு வைத்த பெரிய ஏரிகளிலும் சிக்கல் இதேதான். 24 அடி ஆழமுள்ள செம்பரம்பாக்கத்திலிருந்து 2015 டிசம்பர் 1 அன்று விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட நேர்ந்தது. முன்னதாகவே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்கலாமே என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

வந்த வேலை எதையும் வேண்டாம் என்று சொல்லாதவர்கள், ஞாயிற்றுக்கிழமையையும் ஓவர்டைமுக்குக் கொடுத்தவர்கள், இவர்களெல்லாம் ஐப்பசியில் கலிங்கை அடைத்தவர்கள். பேராசை என்று திட்டாதீர்கள். பெரும்பாலும் அது பஞ்சம் பார்த்த பயம். ஆனால் பயத்துக்காகத் தண்ணீர் எடை குறையாது. வாரத்தில் ஒரு சாயங்காலமாவது சும்மா இருக்கட்டும். எதையும் போட்டு நிரப்பாதீர்கள்.

அடுத்தது கசிவு. இதை நின்று பார்க்க வேண்டும். நிறைந்த ஏரியின் கரைக்கு வெளியே, அடிவாரத்தில், கசிவு இருப்பது சகஜம். அந்த நீரைக் கையில் அள்ளிப் பாருங்கள். தெளிவாக இருந்தால் கவனித்துக்கொண்டிருந்தால் போதும். கலங்கி வந்தால், நீரோடு கரையின் மண்ணும் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். எலி வளை, நண்டு வளை, செத்துப்போன மரத்தின் வேர் ஏதாவது ஒன்று உள்ளே குழாயாகியிருக்கும். மதுராந்தகத்துக்கு ஏரி காத்த ராமர் இருக்கிறார். மற்ற ஊர்களுக்கு மண்வெட்டியும் மணல் மூட்டையும்தான்.

கலங்கல் நீர் கொப்பளித்து வெளிவரும் வாயில் களிமண்ணைக் கொட்டி அடைக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். அடைபட்ட நீர் கரைக்குள்ளேயே வேறு வழி தேடும். அதைச் சுற்றி மூட்டைகளை வளையமாக அடுக்கி, உள்ளே நீர் கொஞ்சம் ஏறவிட வேண்டும். ஏறிய நீரின் எடை எதிர் அழுத்தமாகி மண் வருவதை நிறுத்தும். தெளிந்த நீர் வளையத்துக்குமேல் வழியலாம், தப்பில்லை. உட்பக்கத்து வளை அகப்பட்டால் அங்கே அடைக்கலாம்.

அழுகிறவரிடம் ‘அழாதே’ என்பது வெளிவாயில் களிமண் வைப்பது. சுற்றி உட்காருங்கள், அது போதும். அழுகை தெளிந்த கசிவு. தூக்கம், சாப்பாடு, வேலை என்று வாழ்க்கையின் மண்ணே கரைந்துவருகிறது, இரண்டு வாரமாக நிற்கவில்லை என்றால் அது கலங்கல். அங்கே என்னைப் போன்றவர்களின் பேச்சு உதவாது, மருத்துவரிடம் போக வேண்டும்.

கோடையைப் பற்றிக் கொஞ்சம். ஏரி வறண்டு கிடக்கும்போதுதான் வண்டல் எடுப்பார்கள். அது வயலுக்கு உரம். இதிலும் அளவு உண்டு. கரையோரம் தோண்டினால் கரை பலவீனமாகும். மடைவாய்க்குக் கீழே பள்ளம் பறித்தால் அந்த நீர் மடை வழியாக வயலுக்கு வராது. களிமண் படுகையைத் தாண்டி மணலைத் தொட்டால் நீர் நிற்கவே நிற்காது. தோல்விக்குப் பிறகு சிலர் தங்களையே தோண்டும் தோண்டு இப்படித்தான். போன வருடம் படிந்ததை எடுங்கள். பிறந்ததிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம்.

இதையெல்லாம் ஊர் ஒரு அவசரத்துக்காகச் செய்யவில்லை. உத்திரமேரூரில் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு, ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரி வாரியத்தைக் குடவோலையில் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்கிறது. 360 நாள் பொறுப்பு, மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

கடைசியாக ஒன்று. நம் ஏரிகள் பல சங்கிலியாக அமைந்தவை. மேலேரியின் கலிங்குத் தண்ணீர் கீழேரிக்கு வரத்து. மேலேரி வழிந்தால் கீழேரி நிறையும். மேலேரி உடைந்தால் கீழேரியும் உடையக்கூடும். மேலதிகாரி திட்டியது அப்பா வழியாகக் கடைக்குட்டி வரை இறங்குவது இந்த வரிசையில்தான். கலிங்கு பாயப் போகிறது என்றால் மேலேரிக்காரர் கீழூருக்கு முன்கூட்டியே ஆள் அனுப்பிச் சொல்லிவிட வேண்டும். வீட்டில் அதற்கு ஆள்கூட வேண்டாம். செருப்பைக் கழற்றும்போதே, ‘இன்னைக்கு ஆபீஸ்ல சரியில்ல, ஒரு அரைமணி நேரம் என்னை விட்டுடுங்க’ என்று வாசலில் நின்றே சொல்லிவிடலாம்.